மீதியை நான் பார்த்துக்கறேன்

ஏனுங்க, திரும்பிப் பாத்துட்டீங்கல்ல? பரவால்லைங்க, எனக்குப் பழகிப்போச்சு. கண்டக்டர்கிட்ட ‘கரூர் ஒண்ணு’ன்னு ரெண்டே வார்த்தைதான் சொன்னேன். உங்க கழுத்து அப்படியே இந்தப் பக்கம் வந்துருச்சு. இந்தக் குரலை எங்கியோ கேட்டிருக்கோமேன்னு இப்ப யோசிச்சுக்கிட்டு இருக்கீங்க. ரொம்ப யோசிக்காதீங்க, நானே சொல்லிடறேன். சாதாரணமா நான் பஸ்ஸுல வாயே திறக்கமாட்டேன். ஒரு துண்டுக் காகிதத்துல ஊர்ப் பேரை எழுதி நீட்டிருவேன். இன்னிக்குப் பேனாவை ஆபீஸ் மேஜையிலயே வெச்சுட்டு வந்துட்டேன்.

‘கதவைத் திறந்து உட்காருங்க. மீதியை நான் பார்த்துக்கறேன்.’

ஆ, சிரிச்சுட்டீங்க! மெதுவாச் சிரிங்க, முன் சீட்டு அம்மா வேற திரும்பறாங்க. ஆமாங்க, அந்தக் கார் விளம்பரம்தான். தும்பி கார். வெள்ளைச் சட்டை, கையை முழங்கை வரைக்கும் மடிச்சு விட்டுக்கிட்டு, பானெட்டு மேல ஒரு கையை வெச்சு நிப்பாரே, செவத்தவரு, அவர்தான் எங்க எம்.டி. கௌசிக் அர்த்தநாரி. முகம் அவரோடது. குரல் என்னோடது.

நம்பலயா? யாரும் நம்பமாட்டாங்க. ஏதோ மிமிக்ரி பண்றான்னு நினைப்பாங்க. நீங்களும் அப்படியே நினைச்சுக்குங்க, எனக்கு அது நல்லதுதான். இதை வெளிய சொல்லமாட்டேன்னு முத்திரைத்தாள்ல கையெழுத்துப் போட்டுக் குடுத்தவன் நான். உங்ககிட்ட ஏன் சொல்றேன்னா, ரெண்டு வருஷமா வாயை மூடிக்கிட்டு இருந்து இருந்து தாடை வலிக்குது. அதுவுமில்லாம நீங்க ஜன்னல் ஓரம், நான் இந்தப் பக்கம். எந்திரிச்சுப் போகணும்னா என்னைத் தாண்டித்தான் போகணும். எங்க, திருச்சிக்கா? அப்ப நேரம் நிறைய இருக்கு. இப்பத்தான் பல்லடம்.

என் பேரு தண்டபாணி. சீர்மை மோட்டார்ஸ்ல விளம்பரப் பிரிவு. இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். நான் சேர்ந்தப்ப அது மோட்டார் பம்பு கம்பெனி. பெரியவரு பம்பு செஞ்சாரு, ரேடியோவுல நான் அந்தப் பம்பைப் பத்திப் பேசினேன். அதுக்கு முன்னாடி நோம்பிக்கு நோம்பி கோயில்ல மைக் பிடிச்சவன். குரலுக்கு நான் எதுவும் பண்ணினது கிடையாதுங்க. இஞ்சி, தேன் ஒண்ணும் கிடையாது. அது பாட்டுக்கு வந்தது. பெரியவரு காலமானதுக்கு அப்புறம் மகன் வெளிநாட்டுல இருந்து வந்தாரு. பம்பெல்லாம் போதும், கார் செய்வோம்னாரு. செஞ்சாரு. சும்மா சொல்லக்கூடாது, பாக்க நல்ல கார்தான்.

காருக்கு விளம்பரம் பண்ணணும்னு மெட்ராஸ்ல இருந்து ஒரு ஏஜென்சியைக் கூட்டிட்டு வந்தாங்க. ஷர்மிளான்னு ஒரு அம்மா. முப்பத்தஞ்சு வயசு இருக்கும், கேட்கறதுக்கு முன்னாடி பதில் வெச்சிருக்கும். அந்தம்மா சினிமா ஹீரோவைப் போடலாம்னு சொல்லுச்சு. நான் எந்திரிச்சேன். வேண்டாங்க, முதலாளியே வந்து நிக்கட்டும்னேன். நகைக் கடைக்காரரு அவரே வந்து பேசறாரு, பட்டுச் சேலைக்காரரு அவரே வந்து கும்பிடறாரு, ஜனங்க போய் வாங்கறாங்கல்ல? நடிகன் இன்னிக்குக் கார் ஓட்டுவான், நாளைக்கு அதே சிரிப்போட தலைக்கு எண்ணெய் தேய்ப்பான். முதலாளின்னா நாளைக்கும் அதே எடத்துல இருப்பாருன்னு ஒரு தெம்பு வருமில்லைங்களா?

அதுக்கு அந்த ஷர்மிளா என்ன சொல்லுச்சு தெரியுமா? ‘தண்டபாணி சார், சேலை சாயம் போனா ஜனங்க ரெண்டு நாள் திட்டிட்டு விட்டுடுவாங்க. கார் அப்படி இல்லை. உள்ள உசுரு உட்கார்ந்திருக்கு. முதலாளி முகத்தை ஒருதரம் வெளிய காட்டிட்டா, அப்புறம் அதை உள்ள எடுத்து வைக்க முடியாது’ன்னுச்சு. நான் சிரிச்சேன். நான் சிரிச்சதும் எல்லாரும் சிரிச்சாங்க. எம்.டி. கண்ணாடியில முகத்தைப் பாத்துக்கிட்டாரு. அதோட முடிவாயிருச்சு. அது என் யோசனைதாங்க. அதுல எனக்கு இன்னிக்கும் ஒரு பெருமை உண்டு, இல்லைன்னு சொல்லமாட்டேன்.

ஷூட்டிங் அன்னிக்குத்தான் வந்துச்சு வினை. ஆளு ராஜா மாதிரி நிக்கறாரு. லைட்டெல்லாம் பளபளன்னு இருக்கு. வாயைத் திறந்தாரு பாருங்க... புதுச் செருப்புப் போட்டு நடந்தா ஒரு சத்தம் வருமே, அந்த மாதிரி. ஆறு வயசுல ஊட்டி போர்டிங் ஸ்கூலுக்குப் போனவரு, தமிழ் பாவம் அங்கியே நின்னுபோச்சு. இருபத்தாறு தடவை எடுத்தாங்க. டைரக்டர் தலையில கையை வெச்சு உட்கார்ந்துட்டாரு. எப்படிச் சொல்லணும்னு காட்டறதுக்காக நான் ஒரே ஒருதரம் சொன்னேன். ‘கதவைத் திறந்து உட்காருங்க. மீதியை நான் பார்த்துக்கறேன்.’ அவ்வளவுதான். டீ ஊத்திக்கிட்டு இருந்தவன் டீயை நிறுத்திட்டான். எம்.டி. என்கிட்ட வந்து கையைப் பிடிச்சுக்கிட்டாரு. ‘சார், உங்க வாய்ஸையே வெச்சுக்கலாமா?’ முதலாளி வந்து கையைப் பிடிச்சுக் கேட்கறாரு. நீங்களா இருந்தா முடியாதுன்னு சொல்வீங்களா?

விளம்பரம் டிவியில வந்த மாசமே வண்டிக்கு ஜனங்க வரிசையில நின்னாங்க. கல்யாண வீட்டுல, டீக்கடையில, எங்க பாத்தாலும் அதே பேச்சுதான். ‘என்ன கம்பீரம், என்ன தெளிவு, இந்த மனுசன் ஏமாத்தமாட்டான்யா’ன்னாங்க. நான் பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டு இருப்பேன். உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருக்கும். வாயைத் திறந்து ‘நன்றிங்க’ன்னு சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

அப்புறம்தான் புரிஞ்சது நாங்க ரெண்டு பேரும் எதுல மாட்டிக்கிட்டோம்னு. அவரு வெளிய வாயைத் திறந்தா குட்டு உடைஞ்சுபோகும். நான் வாயைத் திறந்தாலும் குட்டு உடைஞ்சுபோகும். சேலத்துல டீலர்கள் கூட்டம். அவரு மேடையில நின்னு வாயை அசைக்கறாரு, நான் பின்னாடி திரைக்குள்ள மைக்கோட உட்கார்ந்து பேசறேன். ‘அனைவருக்கும் வணக்கம்’னு நான் ஆரம்பிக்கறப்ப அந்த மனுசனுக்குத் தும்மல் வந்துருச்சு. ஆளு தும்மறாரு, ஸ்பீக்கர்ல வணக்கம் வருது! முன் வரிசையில ஒருத்தரு, ஆகா தும்மல்கூட என்ன மரியாதையா இருக்குன்னாரு. அன்னையில இருந்து டாக்டர் பேசக் கூடாதுன்னுட்டாருன்னு ஒரு கதை கட்டிவிட்டோம். கழுத்துல ஒரு மப்ளர். கோயில்ல அர்ச்சனைக்குப் பேரு நட்சத்திரம் கேட்டாக்கூட எழுதித்தான் காட்டுவாரு. அவரு ஊமையா இருக்கறதுக்கு மூணு உதவியாளருங்க. எனக்கு ஒரு பேனா.

இன்னொண்ணும் சொல்லிடறேன், இது மனசுல கிடந்து அறுக்குது. தொழில் சங்கத்துல அந்த வருஷம் ‘சிறந்த பேச்சாளர்’னு எம்.டி.க்கு ஒரு கேடயம் குடுத்தாங்க. அந்தக் கேடயத்தைத் தாம்பாளத்துல வெச்சு மேடைக்கு எடுத்துட்டுப் போனது யாருங்கறீங்க? நான்தான். அதுல ஒரு மூலையில என் பேரைப் பொடி எழுத்துல போட்டிருந்தாக்கூட போதும்னு இருந்துச்சுங்க.

ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் தெரியும். எங்க அக்கா. ராஜாமணின்னு பேரு, கரூர்ல இருக்கா. முதல் நாள் விளம்பரம் வந்து அஞ்சு நிமிஷம் இருக்காது, போன். ‘ஏன்டா தண்டபாணி, டிவியில எவனோ ஒரு செவத்த ஆளு உன் தொண்டையை வெச்சுக்கிட்டுப் பேசறான்?’ அக்காகிட்ட எப்படிங்க மறைக்கறது? யாருக்கும் சொல்லாதேன்னேன். மாமாவைத் தவிர யாருக்கும் சொல்லல. எங்க மாமா சென்னியப்பன், மின்சார வாரியத்துல இருந்து ஓய்வு பெற்றவரு. சக்கரை உண்டு. சைக்கிள்லயும் மொபட்லயும் வாழ்க்கையை ஓட்டின மனுசன், அறுபத்தாறு வயசுல போய் ஒரு தும்பி வாங்கிட்டு வந்து நிறுத்திட்டாரு. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கல. ஏன் மாமா கேட்கலைன்னேன். ‘நீதான் டிவியில வந்து மீதியை நான் பாத்துக்கறேன்னு சொல்றியே மாப்ள, அப்புறம் என்னத்தைக் கேட்கறது?’ன்னாரு. நான் விழுந்து விழுந்து சிரிச்சேன்.

கரூர்ல இறங்கி இடது பக்கம் நடந்தா பத்து நிமிஷந்தான் அவங்க வீடு. எதுக்குச் சொல்றேன்னு அப்புறம் சொல்றேன்.

போன வருஷம் மே மாசம் ஆரம்பிச்சுச்சு. வண்டி வெயில்ல நின்னு சூடாயிருச்சுன்னா கதவுப் பூட்டு அப்படியே இறுகிப்போகும். உள்ள இருந்தும் திறக்காது, வெளிய இருந்தும் திறக்காது. கண்ணாடியும் இறங்காது. சூடு ஆறினாத்தான் விடும். வெயில்ல நிக்கற வண்டி எப்படிங்க ஆறும்? முதல்ல ஈரோட்டுல ஒரு டீச்சரம்மா. அப்புறம் திருப்பூர்ல ஒருத்தரு. ஒரே மாசத்துல பதினோரு பேரு. யாருக்கும் உசுருக்கு ஒண்ணுமில்லை. ஆனா வீடியோ எடுத்துட்டானுங்க. ஒரு ஆளு உள்ள இருந்து கண்ணாடியைத் தட்டறான், பின்னாடி என் குரல் ஓடுது: ‘கதவைத் திறந்து உட்காருங்க. மீதியை நான் பார்த்துக்கறேன்.’ பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க வரைக்கும் அதைச் சொல்லிச் சிரிச்சுதுங்க.

இந்த எடத்துல நீங்க ஒண்ணு கவனிக்கணும். முதலாளியே விளம்பரத்துல வரது கம்பெனிக்கு நல்லதா கெட்டதான்னு கேட்டா, நான் ரெண்டு வருஷமா யோசிச்சுப் பாத்தவன். விக்கறதுக்கு நல்லது, அதுல சந்தேகமே இல்லை. ஆனா கோளாறுன்னு வந்தா ஜனங்க காரைத் திட்டமாட்டாங்க, முகத்தைத் திட்டுவாங்க. நடிகனா இருந்தா, ‘பாவம், அவனுக்கு என்ன தெரியும்’னு விட்டுருவாங்க. முதலாளி அப்படிச் சொல்லிக்க முடியாது. நான் சொல்லிக்கலாம். எனக்கு என்னங்க தெரியும்? எழுதிக் குடுத்ததைப் படிக்கறவன். குரல்ங்கறது கூலி வேலை மாதிரிதான். அவினாசி ரோட்டுல எங்க பெரிய விளம்பரப் பலகை ஒண்ணு இருக்கு, அதுல எவனோ ராத்திரியோட ராத்திரியா சாணியை அடிச்சுட்டுப் போயிட்டான். காலையில போய்ப் பாத்தேன். முகத்துல அடிச்சிருந்தா எனக்கு ஒண்ணுமில்லைங்க. கரெக்டா வாயில அடிச்சிருந்தான்.

சரி, இப்ப பதில் விளம்பரம் ஒண்ணு போடணும்னு முடிவாச்சு. எம்.டி. வண்டிக்குள்ள உட்கார்ந்து, கதவைச் சாத்தி, திறந்து காட்டறாரு. பேச்சு நான். என்ன பேசணும்னு எழுதிக் குடுத்தது தரக் கட்டுப்பாட்டுல இருக்கற சுகந்தி மேடம். நல்ல பொம்பளை, கணக்கா வேலை செய்யும். ஆனா எழுத வராது. மூணு வாக்கியம் எழுதியிருந்துச்சு. எனக்கு இன்னும் மனப்பாடம். ‘உங்க சிரமத்துக்கு வருந்தறேன். மூணு மாசத்துல எல்லா வண்டிக்கும் புதுப் பூட்டு மாத்தித் தருவோம். அதுவரைக்கும் கண்ணாடியை ரெண்டு விரல் இறக்கி வெச்சே வண்டியில உட்காருங்க.’

படிச்சுப் பாத்தேன். அவரு கதவைச் சாத்தித் திறந்து காட்டறதையும் சேத்தா முப்பத்தொம்பது செகண்டு வருது. நமக்கு இருக்கறது முப்பது. அதுவுமில்லாம கேளுங்க, ‘ரெண்டு விரல் இறக்கி’ன்னு முடிஞ்சா எப்படி நிக்கும்? நிக்கவே நிக்காது. ஜனங்க மனசுல பயம்தான் நிக்கும். விளம்பரம்னா கடைசி வார்த்தை கீழ போய் உட்காரணும். முப்பது வருஷம் மைக் பிடிச்சவனுக்குத் தெரியாதா? நான் சொன்னேன்: மேடம், இந்தக் கண்ணாடி விசயத்தை ஒரு காயிதத்துல அடிச்சு சர்வீஸ் சென்டர்ல ஒட்டிருங்க, இங்க வேண்டாம். ‘உங்க நம்பிக்கைதான் என் சொத்து. பயப்படாம உட்காருங்க’ன்னு முடிச்சுக்கலாம். எம்.டி.க்குக் கேட்டதும் கண்ணு கலங்கிருச்சு. சுகந்தி மேடம் மட்டும், ‘சார், அந்தக் கண்ணாடி வரியை எடுக்காதீங்க, வேற எதையாவது எடுங்க’ன்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. நேரம் இல்லைங்க. ஸ்டுடியோக்காரன் அடுத்த ஆளு வந்து நிக்கறான்னு கதவைத் தட்டறான். ஒரே டேக். முப்பது செகண்டு, கரெக்டா முப்பது. அந்த மாதிரி ஒரு டேக் என் வாழ்க்கையில நான் குடுத்ததில்லை.

அன்னிக்குக் காலையில, ஸ்டுடியோவுக்குள்ள போறதுக்கு முன்னாடி, அக்கா போன் பண்ணியிருந்தா. ‘தம்பி, நம்ம வண்டிக் கதவு ரெண்டு தடவை மாட்டிக்கிச்சுடா. மாமா சும்மா இருக்கமாட்டேங்கறாரு. வண்டியை எடுக்கலாமா, வேண்டாமா? நீ சொல்லு’ன்னா.

நான் என்ன பண்ணுவேன்? சுத்தி ஆளுங்க நிக்கறாங்க. கம்பெனி விசயத்தை விளம்பரம் வர்றதுக்கு முன்னாடி வெளியாளுங்ககிட்ட பேசக் கூடாதுன்னு அந்த முத்திரைத்தாள்லயே எழுதியிருக்கு, நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். அக்கான்னாலும் கம்பெனிக்கு வெளியாளுதானுங்களே? அதுனால புத்திசாலித்தனமா ஒண்ணு சொன்னேன். ‘அக்கா, சாயங்காலம் டிவி பாரு’ன்னேன்.

பாத்திருக்கா. மாமாவையும் கூப்பிட்டு உட்கார வெச்சுப் பாத்திருக்கா.

நாலு நாள் கழிச்சு, அக்காவுக்குப் பல்லு வலி. டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போயிருக்காரு. அவ மேல போயிட்டா, இவரு கீழ ரோட்டோரம் வண்டியில ஏ.சி. போட்டு உட்கார்ந்திருக்காரு. எஞ்சின் நின்னுபோச்சு. கதவு, கண்ணாடி எல்லாம் மாட்டிக்கிச்சு. மதியம் ஒரு மணி வெயில். போனு அக்கா பையில. அக்கா அங்க நாற்காலியில சாய்ஞ்சு வாயைத் திறந்துக்கிட்டுக் கிடக்கா, ஐம்பது நிமிஷம். ரோட்டுல போறவங்க பாத்திருக்காங்க, பெரியவரு யாரையோ கையாட்டிக் கூப்பிடறாருன்னு போயிட்டாங்க. கடைசியில இளநி விக்கற ஒருத்தரு பாத்துட்டு, அருவாளைத் திருப்பி அதோட முதுகால ஒரு போடு போட்டுக் கண்ணாடியை உடைச்சிருக்காரு. அவரு பேருகூட எனக்குத் தெரியாதுங்க.

ஒம்பது நாள் ஆஸ்பத்திரி. பொழைச்சுட்டாரு. ஆனா ஆளு பழைய ஆளு இல்லைன்னு அங்க இருந்து வர்றவங்க சொல்றாங்க. வீட்டுல எந்தக் கதவையும் சாத்த விடறதில்லையாம். குளிக்கப் போனாலும் தாழ்ப்பாள் போடறதில்லை, அக்கா வெளிய துண்டைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணுமாம். மழை வந்தாலும் ஜன்னல் திறந்தேதான் கிடக்கணுமாம். எங்க மாமாங்க. கரண்டுக் கம்பத்து உச்சியில ஏறி நின்னு பீடி பத்த வெச்ச மனுசன்.

அந்த ஷர்மிளா இருக்கே, அது கேள்விப்பட்டு எனக்கு ஒரு மெசேஜ் அனுப்புச்சு. உங்க குடும்பத்துக்கு இப்படி ஆனதுக்கு வருத்தமா இருக்குன்னு. பாருங்க, அதோட வாய் வாக்கு. அப்பவே அபசகுனமாப் பேசினதுதானே? நான் பதில் போடல.

என்னங்க, அப்படிப் பாக்கறீங்க? அந்த ரெண்டு விரலையா நினைக்கறீங்க? நானும் நினைச்சுப் பாத்தேன். நினைச்சுப் பாக்காம இருப்பனா? ஆனா முப்பது செகண்டுல அது அடங்காதுங்க. சுகந்தி மேடத்தையே கூப்பிட்டுக் கேளுங்க, முப்பத்தொம்பது வந்துச்சா இல்லையான்னு. அதுவுமில்லாம எம்.டி. தலையை ஆட்டினாருல்ல? முகம் அவரோடதுல்ல? ஜனங்க நம்பினது அவரைத்தானே? அக்கா ஒருத்திதான் என்னை நம்பினா. ஊர் முழுக்க முதலாளி பேசறதைக் கேட்டப்ப, அவ மட்டும் தம்பி பேசறதைக் கேட்டிருக்கா. அதுக்கு நான் என்னங்க பண்ண முடியும்?

காங்கேயம் போயிருச்சா? அட, வெள்ளகோவிலே வந்துருச்சே. அப்ப விசயத்துக்கு வரேன்.

இப்ப அக்கா நுகர்வோர் கோர்ட்டுல ஒரு மனு போட்டிருக்கா. அதுல என்ன எழுதியிருக்கான்னு கேளுங்க. கம்பெனி ஏமாத்துச்சுன்னு எழுதியிருந்தாப் பரவால்லை, ஊர்ல பதினோரு பேரு அப்படித்தான் எழுதியிருக்காங்க, வக்கீலு பாத்துக்குவாரு. இவ எழுதியிருக்கா: விளம்பரத்துல பேசறது முதலாளி இல்லை, என் கூடப் பிறந்த தம்பி தண்டபாணி, அவன் சொன்னதுனாலதான் வண்டி வாங்கினோம், அவன் சொன்னதுனாலதான் வண்டியை எடுத்தோம், அவனைக் கூப்பிட்டு விசாரிங்க. வர்ற திங்கக்கிழமை விசாரணை. அன்னிக்கு இது வெளிய வந்துச்சுன்னா எம்.டி. அவ்வளவுதான், ரெண்டு வருஷமா ஊமை வேசம் போட்டாருன்னு ஊரே காறித் துப்பும். நானும் அவ்வளவுதான். ரகசியத்தை அக்காகிட்டச் சொன்னதுக்கு என்மேல கேஸு, வேலையும் போயிரும். ஐம்பத்தஞ்சு வயசுங்க எனக்கு. இந்தக் குரலை வெச்சுக்கிட்டு வேற எங்க போவேன்? யாரு இதைச் சேத்துக்குவாங்க? ஊமையா இருந்தாலாவது ஒரு வேலை கிடைக்கும்.

நேத்து எம்.டி. என்னை ரூமுக்குள்ள கூப்பிட்டுக் கதவைச் சாத்திட்டு அழுதாரு. அவரோட சொந்தக் குரல்ல. கேட்கச் சகிக்கல. ‘தண்டபாணி சார், நீங்க பேசினா உங்க சிஸ்டர் கேட்பாங்க’ன்னாரு. இந்தாங்க, இந்தப் பையில இருக்கு பாருங்க. மனுவைத் திரும்ப வாங்கிக்கறேன்னு ஒரு காயிதம். அக்கா கையெழுத்துப் போடணும். போட்டாப் பதிலுக்குச் சும்மா இல்லைங்க, புதுத் தும்பி ஒண்ணு தராங்க. புதுப் பூட்டு. செவப்புக் கலர், அக்காவுக்குப் பிடிச்ச கலர். நான்தான் கலரைச் சொல்லிவிட்டேன். அவளுக்கும் நல்லது, எனக்கும் நல்லது, கம்பெனிக்கும் நல்லது. சரிதானுங்களே?

அதுலதான் உங்ககிட்ட ஒரு உதவி. தப்பா நினைக்காதீங்க. நீங்க பேசினது நாலு வார்த்தைதான், ஆனா குரல் சாதுவா இருக்கு, சண்டை சச்சரவு இல்லாத குரல். கரூர்ல என்கூட இறங்கிக்குங்க. பத்து நிமிஷ நடை. நான் வாசல்ல செருப்புக் கழட்டற எடத்துல நின்னுக்கறேன். நீங்க உள்ள போய், ‘அம்மா, உங்க தம்பி அனுப்பினாரு’ன்னு ஆரம்பிச்சு, இந்தக் காயிதத்துல இருக்கறதை நிதானமாப் படிச்சுக் காட்டுங்க. கடைசி வரியை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்லணும், எப்படின்னு நான் இப்பவே சொல்லித் தரேன். அடுத்த திருச்சி பஸ்ஸுல உங்களை நானே ஏத்தி விடறேன்.

நானே பேசினா என்னவா? கூடப் பிறந்தவன் தானேன்னு கேட்கறீங்க. கேட்கத்தான் செய்வீங்க.

பேசாம இல்லைங்க. ஆஸ்பத்திரிக்கு ரெண்டாம் நாளே போனேன். கூட்டமெல்லாம் ஒண்ணுமில்லை, மாமா ஒரு கட்டில்ல, அக்கா பக்கத்துல ஒரு ஸ்டூல்ல. எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு உட்கார்ந்து அவருக்கு ஆரஞ்சு உரிச்சுக்கிட்டு இருந்தா. ஒரு நர்ஸுப் புள்ள ஊசி மருந்தை உறிஞ்சிக்கிட்டு நிக்குது. வாங்கிட்டுப் போன ஹார்லிக்ஸைக் கையில பிடிச்சுக்கிட்டு வாசப்படியிலயே நின்னேன். ‘அக்கா’ன்னேன். சத்தமாக்கூடச் சொல்லலைங்க.

கட்டில்ல மாமாவுக்கு உடம்பு தூக்கிப் போட்டுச்சு. கையால கண்ணாடியைத் தேடற மாதிரி சுவத்தைத் தட்டினாரு. அக்கா அவரு கையைப் பிடிச்சுக்கிட்டா. என் பக்கம் திரும்பல. நர்ஸுப் புள்ளையைப் பாத்துத்தான் சொன்னா.

‘அம்மிணி, அந்த டிவியை நிறுத்திப்போடு சாமி.’

அந்த ரூம்ல டிவி இல்லைங்க.